கீழே பார்க்கத் தெரியாத கேமரா

போன வாரம் ஷட்டர் மாற்றிக்கொண்டு கேமரா வீடு திரும்பியது. அன்றைக்குப் பார்த்து நண்பர் ஒருவர் போன் செய்தார். "ஏங்க, தாத்தாவோட பழைய பஞ்சாங்கம், பாட்டுப் புத்தகம் எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கிடக்கு. படம் எடுத்து வைக்கலாம்னு பாக்குறேன். உங்க கேமரா மாடலையே வாங்கட்டுமா?" வாங்காதீர்கள் என்று பட்டென்று சொல்லிவிட்டேன். அது நியாயமான பதில்தானா என்று அப்புறம் உறுத்த ஆரம்பித்தது.

என்னுடையது 24 மெகாபிக்சல் மிரர்லெஸ் கேமரா, கூட கிட்டத்தில் உள்ளதைத் துல்லியமாக எடுக்கும் ஒரு 50 மி.மீ. மேக்ரோ லென்ஸ். மூன்றரை ஆண்டில் தொண்ணூறாயிரம் பக்கம் தாண்டியாயிற்று. பெரும்பாலும் குஜிலிப் பாட்டுப் புத்தகங்கள், அந்தக் காலத்தில் தெருவில் மலிவாக விற்றவை. மட்டமான தாள், தொட்டால் ஓரம் உதிரும். ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு போய்விடும். அதனால் ஸ்டாண்டில் கேமராவைத் தொங்கவிட்டு மேலிருந்துதான் எடுக்க வேண்டும்.

தொங்கவிட்டதும் தொல்லை ஆரம்பிக்கிறது. கேமராவைக் குறுக்கே பிடித்திருக்கிறோமா நெடுக்கே பிடித்திருக்கிறோமா என்பதைப் புவியீர்ப்பை வைத்துக் கண்டுபிடிக்கும் உணரி ஒன்று உள்ளே இருக்கிறது. நேரே தரையைப் பார்த்தால் அதற்கு ஒன்றும் விளங்காது. விளங்கவில்லை என்று சும்மா இருந்தாலும் பரவாயில்லை. வாய்க்கு வந்ததை ஒவ்வொரு கோப்பிலும் எழுதி வைக்கிறது. 14ஆம் பக்கம் நேராக, 15 நேராக, 16 படுத்துக்கொண்டு, 17 தலைகீழாக. ஸ்டாண்டை நான் தொடவே இல்லை! மெனுவில் தேடினால் கேமராத் திரையில் படம் திரும்பாமல் இருக்க ஒரு வரி உண்டு. கோப்பில் எழுதாதே என்று சொல்ல வரி கிடையாது. எக்சிஃப்டூல் என்ற இலவச நிரலில் ஒரே கட்டளையில் எல்லாக் கோப்பையும் நேராக்கிவிடலாம், இப்போது அதைத்தான் செய்கிறேன். அது தெரியாத முதல் ஆண்டில் ஒவ்வொரு பக்கமாகக் கையால் திருப்பிய ராத்திரிகளை யார் திருப்பித் தருவார்கள்?

சரி, கோபம் போகட்டும். போனே போதாதா என்று கேட்பவர்களுக்கு மெய்யெழுத்தின் புள்ளியைக் காட்டுவேன். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் எடுக்க 2480க்கு 3508 பிக்சல், அதாவது 87 லட்சம் போதும். கணக்குக்குப் போன் எப்போதோ தேறிவிட்டது. ஆனால் போனில் உள்ள ஸ்கேன் செயலி பழுப்புத் தாளை வெள்ளையாக்கும் வேகத்தில், மங்கிய அச்சின் மெய்யெழுத்துப் புள்ளியை அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடுகிறது. 'பத்து' 'பதது' ஆகிறது. எந்த ஊர் எண்ணில் சேர்ப்பது அதை? என் கேமராவில் ஏ4 தாளுக்கு அங்குலத்துக்கு 480 பிக்சல் வரை வருகிறது. பழைய ஈயஅச்சில் புள்ளிக்குள் மை திட்டாகத் தேங்கியிருப்பதுகூடத் தெரிகிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தும்பிக்கை வைத்த 'லை', சுழித்த 'ணா' எல்லாம் கல்லில் வெட்டியதுபோல் நிற்கும். முதன்முதலில் பெரிதாக்கிப் பார்த்த அன்று வேலையை விட்டுவிட்டு அரைமணி நேரம் பாட்டையே படித்துக்கொண்டிருந்தேன்.

ஷட்டர் போனது மட்டும் என் தவறு. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கம் முழுக்கப் பட்டை பட்டையாக வரும். குறையுள்ள வசதி என்று ஒதுக்கிவிட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் மெக்கானிக்கல் ஷட்டரைத் தட்டித் தட்டித் தேய்த்தேன். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை துடிக்கிறது. நான் வைத்திருந்த ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஒரு துடிப்புகூட அதில் முழுதாக அடங்காது. அதை 1/50 ஆக்கியிருந்தால் சரியாக இரண்டு துடிப்பு அடங்கி, பட்டை மறைந்திருக்கும். ஆடாத புத்தகம், ஆடாத ஸ்டாண்டு, எதற்கு அந்த அவசரம்? இதைக் கற்றுக்கொள்ள ஒரு ஷட்டர் செலவு.

வாங்கியே தீருவேன் என்பவர் ஸ்டாண்டின் பீடத்தில் ஒரு கைக்கண்ணாடியைப் படுக்கப் போட்டு, லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் விழும்வரை கேமராவைச் சரிசெய்யுங்கள். பக்கம் கோணாமல் வரும். ஏ4 தாளுக்கு என் மேக்ரோ லென்ஸ் முக்கால் மீட்டர் உயரம் கேட்கிறது, அதனால் ஸ்டாண்டை அளந்து வாங்குங்கள்.

நண்பரிடம் என் பதிலை மாற்றவில்லை. கீழே பார்க்கத் தெரியாத கேமராவைக் கீழே பார்க்கும் வேலைக்கு வாங்கச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ரிப்பேருக்குப் போன மூன்று வாரமும் மேஜைமேல் புத்தகம் அப்படியே கிடந்தது. நேற்று ஒரு கடையில் இதே மாடல் செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கு வந்திருக்கிறது என்றார்கள். திங்கட்கிழமை வரை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.