வாக்ஸஹாச்சி நீதிமன்றம்: டாலஸ் போனால் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள்

மகள் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து டாலஸ் நகரில் இருக்கிறாள். மூன்று முறை போயும் கடைத்தொகுதிகளைச் சுற்றிவிட்டு சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்துக்குத் திரும்பியவள் நான். இந்த முறை மருமகன் தெற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் ஓட்டிப் போய் வாக்ஸஹாச்சியில் இறக்கிவிட்டார். எல்லிஸ் கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற ஒரு பிரிவு) தலைநகர் அது. பருத்தியில் செழித்த சின்ன ஊர். ஊர் நடுவே சதுக்கம், அதற்கு நடுவே 1897இல் கட்டி முடித்த நீதிமன்றம். ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம்.

இளஞ்சிவப்பும் சாம்பலுமான கிரானைட், இடையிடையே செம்மணற்கல் பட்டைகள், உச்சியில் மணிக்கூண்டு. வரைந்தவர் ஜேம்ஸ் ரைலி கார்டன், டெக்சஸில் பல நீதிமன்றங்களுக்கு வடிவம் கொடுத்தவர்.

என்னை அசரவைத்தது கல் இல்லை, காற்று. குளிர்சாதனம் இல்லாத காலம், டெக்சஸ் வெயிலோ நம் ஊரை மிஞ்சும். கார்டன் கட்டடத்தைச் சிலுவை வடிவில் அமைத்து, மூலைகளில் நிழல் விழும் வாசல்களை வைத்தார். நடுப்பகுதியைக் கோபுரம்வரை உயர்த்தினார். சூடான காற்று அதன் வழியே மேலேறிப் போய்விடும். அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கத்துக் காற்று உள்ளே வரும். சிறுவயதில் நாங்கள் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில் குடியிருந்தோம். வீட்டின் நடுவில் கூரை திறந்திருக்கும். மழை நேரே உள்ளே கொட்டும், அம்மா ஓடிப்போய்த் துணி எடுப்பார். ஆனால் மத்தியானத்தில் அங்கேதான் பாய் போட்டுப் படுப்போம். காரைக்குடியிலிருந்து வந்த பாட்டி அதை முற்றம் என்றே சொல்வார். அந்தச் சூட்சுமத்தை டெக்சஸில் கோபுரமாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்புறம், வாசல் தூண்களில் செதுக்கிய முகங்களைத் தவறவிடாதீர்கள். சில அழகு, சில கோரம். காதலில் தோற்ற சிற்பி கோபத்தில் அப்படிச் செதுக்கினான் என்று ஒரு கதை உலவுகிறது. வரலாற்றாய்வாளர்கள் அதை ஏற்பதில்லை. எனக்கும் அந்தக் கதை தேவைப்படவில்லை, உளி வேலையே போதும்.

பழுதுபார்த்து 2002இல் மறுபடி அர்ப்பணித்த கட்டடம் இது. இன்றும் புழக்கத்தில் இருக்கிறது, பூட்டிவைத்த காட்சிப்பொருள் அல்ல.

குறை என்றால் சாப்பாடுதான். சதுக்கத்தில் நாங்கள் நுழைந்த கடையில் சைவம் கேட்டதற்கு வெறும் இலைதழைதான் கிடைத்தது. கையில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போங்கள். வாடகைக் காரும் எடுத்துவிடுங்கள். வெயில் ஏறுமுன் வெளியே சுற்றிவிடுங்கள், வார நாளாக இருந்தால் நல்லது.