டிவிஆரை போனில் பார்க்க: பி2பி-யா, போர்ட் ஃபார்வர்டிங்கா?

வெளியூரில் இருந்தபடி, டிவிஆரில் (கேமராப் படத்தைப் பதிவு செய்யும் பெட்டி) இணைத்த கேமராவைப் போனில் பார்க்க இரண்டு வழிகள் உண்டு.

பி2பி வழி சுலபம். டிவிஆர் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் பி2பி-யை இயக்கினால், ஸ்டேட்டஸ் 'ஆன்லைன்' என மாறும். அப்புறம் கம்பெனியின் ஆப்பில் (ஹிக்விஷனுக்கு ஹிக்-கனெக்ட், தாஹுவாவுக்கு டிஎம்எஸ்எஸ்) க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் படம் வந்துவிடும். ரவுட்டரைத் தொடவே வேண்டாம். டிவிஆர் தானாகவே கம்பெனி சர்வரோடு தொடர்பு கொள்வதுதான் காரணம். அந்த சர்வர் படுத்துவிட்டால் ஆப்பில் கேமரா தெரியாது. ரெக்கார்டிங் மட்டும் வழக்கம்போல் ஓடும்.

போர்ட் ஃபார்வர்டிங்கில் இடையில் யாரும் இல்லை. போன் நேராக டிவிஆருக்கே போகும். ஆனால் வேலை அதிகம். டிவிஆருக்கு நிலையான ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்து, வெளியிலிருந்து வரும் இணைப்பு டிவிஆருக்குப் போகும்படி ரவுட்டரில் போர்ட் (எண்ணிட்ட வாசல்) திறக்க வேண்டும் (ஹிக்விஷனில் வழக்கமாக 8000, தாஹுவாவில் 37777). வெளி ஐபி மாறிக்கொண்டே இருந்தால் டிடிஎன்எஸ்-ஸும் (மாறும் ஐபியை ஒரே பெயரில் கண்டுபிடிக்க உதவும் சேவை) தேவை. முதலில் ரவுட்டரின் வான் ஐபியை (இணையப் பக்கத்து முகவரி) பாருங்கள். அது 100.64 முதல் 100.127-க்குள் தொடங்கினால் உங்களுக்கெனத் தனிப் பொது ஐபி இல்லை. அப்படியிருக்கும்வரை இந்த வழி வேலை செய்யாது.

எனக்குப் பெரிய கவலை பாதுகாப்புதான். 2016-இல் மிராய் என்ற மால்வேர், பாஸ்வேர்ட் மாற்றப்படாத டிவிஆர்களையும் கேமராக்களையும் கூட்டமாகக் கைப்பற்றியது. திறந்த போர்ட் அப்படிப்பட்டவற்றுக்கு நேர்வழி. அதனால் வீட்டுக்கும் சிறு கடைக்கும் பி2பி-யே போதும் என்பேன். கம்பெனி சர்வரே வேண்டாம் என்பவர்கள் போர்ட் திறப்பதற்குப் பதில் ரவுட்டரில் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) அமைக்கலாம்.

எந்த வழியானாலும், படம் திக்கினால் ஆப்பில் சப் ஸ்ட்ரீமுக்கு (தரம் குறைந்த, லேசான படம்) மாற்றிப் பாருங்கள்.