கிட்ஹப்பா, ஜெனோடோவா? ஆய்வு நிரலை எங்கே வைப்பது?

"நிரல் கிட்ஹப்பில் உள்ளது" என்று கட்டுரையின் கடைசியில் ஒரு வரி போட்டால் கடமை முடிந்தது என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கணினி நிரல்களை இணையத்தில் வைத்து எழுத உதவும் தளமான கிட்ஹப் ஒரு பட்டறை. பிழையைச் சுட்டலாம், திருத்தம் அனுப்பலாம், எந்த வரியை யார் எப்போது மாற்றினார் என்று பார்க்கலாம். கூட்டாக வேலை செய்ய அருமையான இடம். ஆனால் உரிமையாளர் நினைத்தால் நிரல் கோப்புகள் இருக்கும் களஞ்சியத்தை ஒரே நாளில் அழித்துவிடலாம். சேவையே நின்றுபோவதும் உண்டு; இதே போன்ற தளமான கூகுள் கோட் 2016இல் மூடப்பட்டது.

ஜெனோடோவில் விவாதிக்க வசதியில்லை. செர்ன் இயற்பியல் ஆய்வகம் 2013 முதல் நடத்தும், ஆய்வு நிரலையும் தரவையும் சேமித்து வைக்கும் இந்தக் காப்பகத்தின் பலம் வேறு. ஏற்றும் ஒவ்வொரு பதிப்புக்கும் தனி டிஓஐ எண், அதாவது மேற்கோள் காட்ட உதவும் நிலையான அடையாள எண், கிடைக்கும். எல்லாப் பதிப்புகளுக்கும் பொதுவான எண் ஒன்றும் உண்டு. அதனால் முடிவுகளைத் தந்த அதே பதிப்பையே மேற்கோள் காட்டலாம். பல ஆண்டுகள் கழித்து ஒரு மாணவி அதை எடுத்து ஓட்டிச் சரிபார்க்கலாம். அறிவியலுக்கு வேண்டியது இதுதான். பெரிய தரவுக்கும் ஜெனோடோவே ஏற்றது: ஒரு பதிவில் 50 ஜிபி வரை வைக்கலாம். கிட்ஹப்போ 100 எம்பியைத் தாண்டும் கோப்பைச் சாதாரணமாக ஏற்காது.

என் தேர்வு: கிட்ஹப்பில் எழுதுங்கள், கட்டுரையில் ஜெனோடோ எண்ணைக் கொடுங்கள். இரண்டையும் இணைத்துவிட்டால், கிட்ஹப்பில் வெளியிடும் ஒவ்வொரு பதிப்பும் தானாகவே காப்பகத்துக்குப் போய்விடும். அதற்கு முன், நிரலைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். அது இல்லாத நிரலைப் பிறர் பார்க்கலாமே தவிர, சட்டப்படி தங்கள் வேலைக்கு எடுத்தாள முடியாது.