நூறு புள்ளி ஒன்று: பாடியவரோடு பிடில்காரர் பெயரையும் சொல்லும் பெங்களூர் ரேடியோ

காசு வாங்காத சேவைக்கு எதற்கு விமர்சனம் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பாட்டு கேட்க மாதாமாதம் எங்கெங்கோ சந்தா கட்டுகிறோம், எந்த ஹெட்போன் நல்லது என்று நாள்கணக்கில் தேடுகிறோம், ஆனால் பெங்களூரில் எஃப்.எம். 100.1ல் ஆகாசவாணி தருகிற சாஸ்திரிய சங்கீதத்தைப் பற்றி யாரும் பெரிதாக எழுதிப் பார்த்ததில்லை. அலைவரிசையின் பெயர் அமிர்தவர்ஷினி. எங்கள் வட்டத்தில் ‘நூறு புள்ளி ஒண்ணு’ என்றாலே எல்லாருக்கும் புரிந்துவிடும். கர்நாடக சங்கீதமோ ஹிந்துஸ்தானியோ கொஞ்சமாவது பிடிக்கும், வீடும் பெங்களூரில்தான் என்றால், வேறு எதற்கும் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைக் கேட்டுப் பாருங்கள் என்பேன். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

நான் இருப்பது அல்சூரில். தெருவிலும் அக்கம்பக்கத்திலும் பாட்டு கேட்கிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். எதிர்வீட்டு மாமா எச்.ஏ.எல்.லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கீழ்வீட்டு அக்காவுக்கு ஊர் நாமக்கல் பக்கம், ஒரு தம்பி தினமும் ஒயிட்ஃபீல்டுக்கு ஐ.டி. வேலைக்குப் போகிறவன், இப்படி ஒரு சின்னக் கூட்டம். “இப்பப் போடுங்க, சஹானா ராகம் ஆரம்பிச்சாச்சு” என்று ஒரு வரி வரும், கையில் இருக்கிற வேலையோடு வேலையாக ரேடியோவைத் திருப்புவோம். பாட்டு முடிந்ததும்தான் பேச்சு ஆரம்பிக்கும். எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது, இதே கீர்த்தனையை வேறு யார் பாடிக் கேட்டிருக்கிறோம் என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைக் கேட்டிருப்பதால் இந்தப் பேச்சுக்கு ஒரு சுவை உண்டு. லிங்க் அனுப்பினால் இது நடக்காது, அவரவர் அவரவர் வசதிக்குக் கேட்பார்கள், பாதிப் பேர் கேட்கவே மாட்டார்கள்.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது அறிவிப்பு. பாடியவர் யார், பிடில் யார், மிருதங்கம் யார், கடமோ கஞ்சிராவோ இருந்தால் அது யார், என்ன ராகம், என்ன தாளம், யாருடைய இயற்றல் என்று ஒழுங்காகச் சொல்லுவது ஆகாசவாணியின் பழைய பழக்கம். அறிவிப்பு கன்னடத்தில் இருந்தால்கூட இந்தப் பெயர்கள் தமிழ்க் காதுக்கு அப்படியே விளங்கிவிடும். ஒரு கச்சேரி என்பது பாடகர் ஒருத்தர் செய்கிற காரியம் இல்லை. அவர் ஆலாபனையில் விட்ட இடத்தைப் பிடில்காரர் எடுத்து இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோவார், அதைக் கேட்டுவிட்டுத்தான் பாடகர் அடுத்த பிடியைப் போடுவார். அந்தப் பிடில்காரர் பெயர் தெரியாமல் கேட்டால் பாதிக் கச்சேரிதான் கேட்டோம் என்று எனக்குத் தோன்றும்.

நான் சந்தா கட்டி வைத்திருக்கிற ஒரு பாட்டு ஆப்பில் (பெயர் வேண்டாம்) இதுதான் எனக்குத் தீராத மனக்குறை. ஒரு பெரிய வித்வானின் கச்சேரி இருக்கும், அவர் படம் இருக்கும், பக்கவாத்தியம் யார் என்று எங்கே தேடினாலும் இருக்காது. ராகம் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஆதி’ என்று தாளத்தின் பெயரைப் போட்டிருப்பார்கள். அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. தோடி ராக ஆலாபனையை (பாட்டுக்கு முன்னால் சொற்கள் இல்லாமல் ராகத்தை விரிப்பது) ஒரு துண்டாகவும் கீர்த்தனையை வேறு துண்டாகவும் வெட்டி வைத்திருந்தார்கள். ஆலாபனை தார ஸ்தாயியில் நின்று நின்று இறங்கி வந்து ஷட்ஜத்தில் முடிகிறது, பாட்டு எடுக்கப் போகிறார் என்று நான் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு நிற்கிறேன், வந்ததோ வேறு யாரோ பாடிய துக்கடா, கச்சேரிக் கடைசியில் பாடுகிற சின்னப் பாட்டு. அதற்கப்புறம் கீபோர்டும் மழைச் சத்தமும் கலந்த ஏதோ ஒன்று. சாஸ்திரிய சங்கீதம் என்றால் தூங்க வைக்கிற சத்தம் என்று அந்த ஆப்பை எழுதியவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள் போல. ஆலாபனை, கீர்த்தனை, அதில் ஒரு வரியை விதவிதமாகப் பாடும் நிரவல், ஸ்வரம், தாளவாத்தியக்காரர்களின் தனி என்பது ஒரே ஓட்டம், அதை வெட்டக் கூடாது என்பது ரேடியோவில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

சரி, நாங்கள் என்ன கேட்கிறோம்?

எதிர்வீட்டு மாமாவுக்கு எம்.டி. ராமநாதன். வேறு யார் பெயரைச் சொன்னாலும் சுற்றிவளைத்து அவரிடம்தான் வந்து நிற்பார். ராமநாதன் பாலக்காட்டுப் பக்கம் 1923ல் பிறந்தவர், கலாக்ஷேத்ராவில் டைகர் வரதாச்சாரியாரிடம் கற்றவர், குருவின் நினைவாக ‘வரததாச’ என்ற முத்திரைப் பெயரில் நிறைய இயற்றியும் இருக்கிறார். கனத்த குரல், கீழ்ச்சுருதி, அவசரம் என்பதே கிடையாது. “அவர் ஒரு ஸ்வரத்துல நிக்கறாரும்மா, நின்னு அதைச் சுத்திப் பாக்க நமக்கு நேரம் குடுக்கறார், மத்தவங்க கூட்டிட்டு ஓடறாங்க” என்று மாமா சொல்லித்தான் எனக்கு அந்த வழி புரிந்தது. முன்பு மெதுவாகப் பாடுகிறார் என்று மட்டும்தான் தெரியும். சஹானாவில் அந்தக் காந்தாரத்தை அவர் தொட்டுத் தொட்டு விடுகிறதை இப்போது காத்திருந்து கேட்கிறேன். ஒயிட்ஃபீல்டு தம்பியும் சில்க் போர்டு நெரிசலில் நிற்கும்போது ராமநாதன் வந்தால் நெரிசலே உறைப்பதில்லை என்கிறான்.

கீழ்வீட்டு அக்காவுக்கு நாகஸ்வரம்தான் எல்லாம். நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன் பெயரை எடுத்தாலே முகம் மலர்ந்துவிடும், அக்காவின் ஊர்ப் பக்கத்து வித்வான். வீட்டுக்குள் சின்ன ஸ்பீக்கரில் நாகஸ்வரம் கேட்டால் காது குத்தும் என்று சொல்பவர்கள் உண்டு, அது ஓரளவு உண்மையும்கூட. கோயில் பிராகாரத்துக்கும் வீதிக்கும் உரிய வாத்தியம் அது. அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார், ரேடியோவை அடுத்த அறையில் வைத்துவிட்டு இங்கிருந்து கேட்பார். நானும் செய்து பார்த்தேன், தவில் கொஞ்சம் அடங்கி நாகஸ்வரத்தின் குழைவு தனியாகத் தெரிகிறது.

எனக்கு இந்த அலைவரிசை கொடுத்த பெரிய சொத்து ஹிந்துஸ்தானி. தமிழ் வீட்டில் வளர்ந்தவளுக்கு அதெல்லாம் வடக்கத்திச் சங்கீதம், நமக்கு ஒட்டாது என்ற எண்ணம் இருந்தது. இந்த மாநிலத்தின் வடபகுதியே ஹிந்துஸ்தானியின் தாய்வீடுகளில் ஒன்று என்பது இங்கே வந்து ரேடியோ கேட்ட பிறகுதான் மண்டையில் ஏறியது. மல்லிகார்ஜுன் மன்சூர், கங்குபாய் ஹங்கல், பஸவராஜ் ராஜகுரு, பீம்சேன் ஜோஷி, எல்லாரும் தார்வாட், ஹூப்ளி, கதக் பக்கத்து மண். மன்சூர் முதலில் ஒரு நாடகக் கம்பெனியோடு சுற்றிய அப்பய்யா சுவாமியிடம் கர்நாடக சங்கீதம் கற்று, அப்புறம் ஹிந்துஸ்தானியில் ஜெய்ப்பூர்–அத்ரௌலி கரானாவுக்கு (கரானா என்றால் குருவழி வந்த பாணி) போனவர். அவர் பாட்டில் ராகத்துக்கு முன்னுரை என்று நீட்டுவது குறைவு, பந்திஷுக்குள், அதாவது பாட்டுக்குள், நேராக இறங்கிவிடுவார், மூச்சு விடுவதற்குக்கூட இடம் தெரியாமல் ஒரு ‘தான்’ (வேகமான ஸ்வரக் கோவை) இன்னொன்றுக்குள் போய்க்கொண்டிருக்கும். கர்நாடகக் கச்சேரியின் வேகத்துக்குப் பழகிய நம் காதுக்கு, ஹிந்துஸ்தானியில் நுழைய இவரைவிட நல்ல வாசல் இல்லை என்று நினைக்கிறேன்.

இரண்டும் ஒரே அலைவரிசையில் வருவதால் இன்னொரு லாபமும் இருக்கிறது. ஒரு நாள் கர்நாடகத்தில் மோகன ராகம் கேட்டிருப்போம், வேறு நாள் ஹிந்துஸ்தானியில் பூப் ராகம் வரும். ஸ்வரங்கள் அதே ஐந்துதான். மோகனத்தில் காந்தாரமும் தைவதமும் அசைந்துகொண்டே இருக்கும், பூப்பில் அதே ஸ்வரங்கள் அசையாமல் நேராக நிற்கும், வேறு ராகமோ என்றுகூடத் தோன்றும். ஹம்ஸத்வனியை எடுத்துக்கொள்ளுங்கள், முத்துசுவாமி தீக்ஷிதரின் தகப்பனார் ராமசுவாமி தீக்ஷிதர் கொடுத்த ராகம், அதை பேண்டிபஜார் கரானாவின் அமான் அலி கான் ஹிந்துஸ்தானிக்குக் கொண்டுபோனார். நம் ஊரில் கச்சேரியை ஆரம்பிக்க விறுவிறுவென்று எடுக்கும் ராகம், அங்கே விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், நிதானமாக விரிகிறது. இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு தகவல், காதில் விழுந்தால்தான் சங்கதி தெரியும். அப்படி ஹம்ஸத்வனியைக் கேட்ட அன்றைக்கு எங்கள் குழுவில் ராத்திரி வெகுநேரம் யாரும் தூங்கவில்லை.

மைசூர் வழி வீணையையும் சொல்லாமல் விடக் கூடாது. வீணை தொரைசாமி அய்யங்கார் வாசித்ததைக் கேட்கும்போது மீட்டு எண்ணி எண்ணி விழுகிற மாதிரி இருக்கும், வீணையைப் பாட வைக்கிற தஞ்சாவூர் வழிக்குப் பழகியவர்களுக்கு முதலில் கொஞ்சம் வித்தியாசமாகப் படலாம், பொறுத்துக் கேளுங்கள். ஆர்.கே. ஸ்ரீகண்டன் தொண்ணூறு வயதைத் தாண்டியும் பாடியவர், ஆகாசவாணியிலேயே வேலை பார்த்தவர், சாஹித்யத்தின் ஒவ்வோர் எழுத்தும் அவர் வாயில் சுத்தமாக விழும். புரந்தரதாசரின் தேவர்நாமாக்களை (கன்னட பக்திப் பாடல்கள்) பொருளோடு கேட்க வேண்டுமென்றால் அவரிடம்தான் போக வேண்டும். இந்த மண்ணுக்கும் வானொலிக்கும் உறவு பழையது. எம்.வி. கோபாலசுவாமி 1935ல் மைசூரில் சொந்தமாக நடத்திய நிலையத்துக்குத்தான் ஆகாசவாணி என்ற பெயர் முதலில் இருந்தது.

இன்னொன்று, ரேடியோவில் பெரிய பெயர்கள் மட்டும் வருவதில்லை. ஆகாசவாணியில் வாசிக்கத் தேர்வு உண்டு, பி, பி-ஹை, ஏ, டாப் என்று தரம் பிரிப்பார்கள். சபாக்களில் சாயங்கால நேரம் கிடைக்காத, ஆனால் நன்றாகத் தேறின கலைஞர்களை இங்கேதான் கேட்க முடிகிறது. அறிவிப்பில் பெயரைப் பிடித்துக் குறித்து வைத்துக்கொண்டு, அப்புறம் மல்லேஸ்வரத்திலோ ஜெயநகரிலோ அவர் கச்சேரி இருந்தால் நேரில் போய்க் கேட்கும் பழக்கம் எங்களில் சிலருக்கு வந்திருக்கிறது.

கேட்கிற முறையைப் பற்றி. எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் வருவது, நடுவில் பெரிய கட்டடம் நின்றால் இரைச்சல் வரும், அடித்தளத்து வீடுகளில் சொல்லவே வேண்டாம். எஸ்.பி. ரோட்டில் கிடைக்கிற சாதாரண செட்டே போதும், ஏரியலை மட்டும் கவனியுங்கள். 100.1 மெகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர், அதில் கால் பங்கு 75 சென்டிமீட்டர். செட்டின் ஏரியல் குட்டையாக இருந்தால் ஏரியலோடு சேர்த்து மொத்தம் 75 சென்டிமீட்டர் வருகிற மாதிரி ஒரு வயரை வெட்டி அதன் நுனியில் சுற்றி, ஜன்னல் பக்கம் நிமிர்த்திக் கட்டுங்கள். எங்கள் வீட்டுச் சமையலறையில் அப்படித்தான் தொங்குகிறது, தம்பூராவோடு சேர்ந்து வந்துகொண்டிருந்த இரைச்சல் பெரும்பாலும் போய்விட்டது. வயர் ஜன்னல் கம்பியில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஆகாசவாணியின் ‘ராகம்’ இருக்கிறது. 2016 ஜனவரி 26ல் ஆரம்பித்த இருபத்துநான்கு மணி நேர சாஸ்திரிய சங்கீத அலைவரிசை, பிரசார் பாரதியின் நியூஸ் ஆன் ஏர் ஆப்பில் வரும், டி.டி. ஃப்ரீ டிஷ்ஷிலும் உண்டு. ஒலித்தெளிவு உங்கள் இணைய இணைப்பைப் பொறுத்தது. இணையத்தில் வருவது எஃப்.எம்.மைவிடச் சற்றுப் பிந்தித்தான் வரும், அதனால் குழுவில் “ஆஹா, அந்த நிஷாதம்!” என்று யாராவது எழுதும்போது உங்களுக்கு அந்த நிஷாதம் இன்னும் வந்திருக்காது, அவ்வளவுதான்.

எல்லாருக்கும் இது ஒத்துவரும் என்று சொல்ல மாட்டேன். ஒரு குறிப்பிட்ட பாட்டு, இப்போதே வேண்டும் என்பவர்களுக்கு ரேடியோ சரிப்படாது, நமக்குக் கேட்க வேண்டியதை இன்னொருத்தர் தேர்ந்தெடுக்கிறார் என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். விட்டுப்போனதைப் பின்னால் ஓட்டிக் கேட்க முடியாது. சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் 102.9ல் விவித் பாரதி இருக்கிறது. பாட்டு கற்கிற பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மட்டும் கட்டாயம் வையுங்கள் என்று சொல்வேன். கீழ்வீட்டு அக்காவின் மகள் அறிவிப்பு வருவதற்கு முன்னால் ராகத்தைச் சொல்லிவிட வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பைரவியா மாஞ்சியா என்று போன வாரம் அம்மாவுக்கும் மகளுக்கும் பெரிய வாக்குவாதம், அறிவிப்பாளர் பைரவி என்றார், ஜெயித்தது மகள்.