மாணவர் அழகு இதழ்: 48 பக்கத் திரை இதழா, 16 பக்க அச்சு இதழா?

பக்க வடிவமைப்பு என் தொழில். சென்னையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிக்கும் பிள்ளைகள் செமஸ்டர் முடியும் நேரத்தில் சந்தேகம் கேட்டு வருவார்கள். இந்த முறை இரண்டு குழுக்கள் வந்தன. இரண்டுக்கும் ஒரே வேலை: ஓர் அழகு இதழைத் திட்டமிட்டு, எழுதி, படம் எடுத்து, முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு குழு 48 பக்கத்தில், திரையில் புரட்டும் ஃபிளிப்புக் வடிவில் செய்யப் போகிறது. இன்னொரு குழு 16 பக்கம், பத்துப் பிரதி, அச்சு என்றது. எது நல்லது என்று இரண்டு குழுவும் கேட்டன. 16 பக்க அச்சு இதழைத்தான் செய்யச் சொன்னேன். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் திரை இதழுக்காகப் பேசிவிடுகிறேன். அதற்குச் செலவில்லை. சமர்ப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரவு எழுத்துப் பிழை கண்ணில் பட்டால் அப்போதே திருத்தலாம். கொண்டை போடுவது எப்படி என்று வீடியோவாகவே காட்டலாம். ஊரில் இருக்கும் அத்தைக்கும் அனுப்பலாம். ஆனால் பெரும்பாலான மாணவர்கள் ஏ4 அளவில் இரண்டு பத்தி பிரித்து, அச்சு இதழ் போலவே செய்து, அதைத் திரையில் ஏற்றுகிறார்கள். அத்தை அதைத் திறப்பது கைபேசியில். 10 புள்ளி (பாயின்ட்) எழுத்து அங்கே கடுகாகிவிடும். விரித்து விரித்துப் பார்த்து, இரண்டாம் பக்கத்தில் மூடிவிடுவார். திரைக்கு என்று முடிவு செய்தால் 1080×1920 பிக்சல் நெடுக்குப் பக்கமாக, கைபேசிக்கென்றே வடிவமையுங்கள். ஏ4 ஃபிளிப்புக் இரண்டும்கெட்டான்.

48 பக்கத்தில் எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. ஐந்து பேர் இரண்டு மாதத்தில் அத்தனை பக்கத்துக்குச் சொந்தமாகப் படம் எடுக்க முடியாது. இருபதாம் பக்கத்தோடு சரக்கு தீர்ந்துவிடும். அப்புறம் பின்டெரஸ்டில் இறக்கியது, அன்ஸ்ப்ளாஷில் இறக்கியது என்று ஒட்டத் தொடங்குவார்கள். அன்ஸ்ப்ளாஷ், பெக்ஸல்ஸ் போன்ற இலவசப் படத் தளங்களின் படங்களைப் பயன்படுத்த உரிமம் உண்டு. பின்டெரஸ்டில் கிடப்பவை யாரோ ஒருவருடைய படங்கள், எடுக்கக் கூடாது. உரிமம் இருந்தாலும் அந்த முகங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய முகங்கள். கட்டுரை கஸ்தூரி மஞ்சளைப் பற்றி இருக்கும், பக்கத்தில் பொன்னிற முடியோடு ஒரு பெண் சிரிப்பாள். மதிப்பெண் போடுகிறவர் கண்டுகொள்ளாமல் விடலாம். படிக்கிற பெண்ணுக்கு அது தன்னுடைய இதழ் இல்லை என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும்.

16 பக்கம் என்றால் எல்லாவற்றையும் சொல்ல முடியாது. அதுதான் அதன் பலம். ‘முகம், முடி, நகம், உடை, டயட்’ என்று ஆளுக்கு ஒன்றைத் தொடுவதா, ஒரே பொருளை எடுப்பதா என்று கேட்டால், ஒரே பொருளை எடுங்கள். முடியை மட்டும் எடுத்தாலே சீயக்காய், சுருள்முடி, இளநரை, பூக்கட்டு, சலூன், முடி உதிர்தலுக்குத் தோல் மருத்துவரின் பேட்டி என்று 16 பக்கம் தாராளமாக நிறையும்.

பொருள் முடிவானதும் கணினியைத் திறக்காதீர்கள். நான்கு ஏ4 தாள்களை ஒன்றாக அடுக்கி நடுவில் மடியுங்கள். கையில் 16 பக்க டம்மி வந்துவிடும். பென்சிலால் பக்க எண் போட்டு, தாள்களைப் பிரித்துப் பாருங்கள். 1-க்குப் பக்கத்தில் 16 இருக்கும், 2-க்குப் பக்கத்தில் 15. எந்தப் பக்கமாகப் பார்த்தாலும் கூட்டினால் 17. ஒரே தாளில் முறியாமல் ஓடும் எதிரெதிர்ப் பக்கங்கள் 8-ம் 9-ம்தான். பெரிய படத்தை அங்கே வையுங்கள். 4-5-இல் குறுக்கே வைத்தால் அது இரண்டு தனித் தாள்களில் அச்சாகி, மூக்கு ஒரு பக்கம் அரை மில்லி ஏறி நிற்கும். இதை விளக்கிச் சொல்வதைவிட டம்மியை மடித்துக் காட்டினால் அரை நிமிடத்தில் புரிந்துவிடுகிறது.

பைண்டிங்கில் யோசிக்க ஒன்றுமில்லை. நடு மடிப்பில் அடிக்கும் சென்டர் பின் போதும். முதுகில் பசை வைத்து ஒட்டும் பெர்ஃபெக்ட் பைண்டிங் கேட்கும் முதுகுத் தடிமன் 16 பக்கத்துக்கு வராது.

இப்போது படங்களுக்கு வருகிறேன். இதழ் வாழ்வதும் சாவதும் இங்கேதான்.

வாடகை ஸ்டூடியோவா, வீட்டு வராந்தாவா? ஸ்டூடியோவில் விளக்கு இருக்கிறது, திரை இருக்கிறது, மழை பெய்தாலும் வேலை நடக்கும். ஆனால் பல இடங்களில் கல்யாண ஆல்பத்துக்குப் பழகிய கை இருக்கும். கேட்காமலே தோலை வழவழப்பாக்கி, இரண்டு படி வெளுத்துக் கொடுத்துவிடுவார்கள். வராந்தாவில் காலை எட்டரைக்கோ மாலை ஐந்துக்கோ, நேர் வெயில் விழாத வாசலில், வெளியே பார்த்தபடி ஒருவரை உட்காரவைத்தால் அந்த மென்மையான வெளிச்சத்துக்குக் காசு இல்லை. நிழல் விழும் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடியுங்கள். சுவர் பச்சையாக இருந்தால் இடம் மாறுங்கள், அந்தப் பச்சை கன்னத்தில் ஏறும். உச்சி வெயில் வேண்டவே வேண்டாம், கண்குழி கருத்துவிடும். நான் வராந்தா கட்சி.

கைபேசியிலேயே எடுக்கலாம். பியூட்டி மோடை அணைத்துவிடுங்கள். கறுத்த முகத்தைப் பார்த்ததும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டும், தோல் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். திரையில் முகத்தின் மேல் விரல் வைத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நெற்றியிலும் கன்ன மேட்டிலும் உள்ள மினுமினுப்பைப் பவுடர் போட்டு அமுக்காதீர்கள். கறுத்த தோலுக்கு வடிவம் கொடுப்பதே அந்த மினுக்கம்தான். எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். ஏ4 முழுப் பக்கத்தை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சடிக்க 2480×3508 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப் வழக்கமான தரத்தில் சுருக்கினால் நீளவாக்கில் 1600 அளவுக்குத்தான் மிஞ்சும், கண்ணிமை முடி எல்லாம் ஒன்றாக அப்பிக்கொள்ளும்.

என் கல்லூரி இதழின் அட்டையில் என் தோழியின் படத்தைப் போட்டோம். நல்ல கறுப்பு, களையான முகம். திரையில் பார்த்து எல்லோரும் அசந்துபோனோம். அச்சாகி வந்தபோது அவள் முகத்தில் கண்ணும் பல்லும் தவிர ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரர், ‘பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி, அதான்’ என்றார். அவள் ஒன்றும் சொல்லாமல் பிரதியைப் பையில் வைத்துக்கொண்டாள். அந்த வார்த்தைக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இன்று இருக்கிறது. குறை அவள் நிறத்தில் இல்லை, எங்கள் கோப்பிலும் அந்த இயந்திரத்தின் அளவீட்டிலும் இருந்தது.

இதற்கு ஒரு பெரிய பின்னணியும் உண்டு. ஃபிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் வண்ணப் படங்களைச் சரிபார்க்க, படம் கழுவும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. ஷர்லி அட்டை என்று பெயர். அதில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அவள் தோல் சரியாக வந்தால் படம் சரி என்று கணக்கு. கறுத்த முகங்களின் நுணுக்கம் அதில் தொலைந்தது. பல வருடங்கள் கழித்துத்தான் பல நிறப் பெண்கள் இருக்கும் அட்டைகள் வந்தன. நாம் அழகு இதழ் செய்யும்போது நம் ஷர்லி அட்டையை நாமே செய்துகொள்ளலாம்.

அதைச் சோதனைத் தாள் என்பேன். இதழில் வரப்போகும் மிகக் கறுத்த முகம், மாநிற முகம், வெளுத்த முகம் என மூன்றை எடுங்கள். ஒவ்வொன்றையும் மூன்று வெளிச்ச அளவில் வைத்து, ஒன்பது முகங்களை ஒரே தாளில் அடுக்குங்கள். அச்சடிக்கப் போகும் அதே கடையில், அதே இயந்திரத்தில், அதே தாளில் ஒரு பிரதி எடுங்கள். டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். திரை ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்), அது ஒளியில் ஒளிரும். அச்சு சிஎம்ஒய்கே (சயான் என்ற பச்சை கலந்த நீலம், மஜென்டா என்ற ஊதா கலந்த சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய மைகள்), தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் மட்டும்தான். அதனால் எப்போதும் இருட்டாகத்தான் வரும். தோலில் மஜென்டா கூடினால் முகம் சிவந்து காயம் பட்டது போல் இருக்கும், சயான் கூடினால் செத்த களை வந்துவிடும். மஞ்சள் எப்போதும் மஜென்டாவுக்குக் குறையாமல் இருக்கட்டும். ஒன்பதில் எது உயிரோடு இருக்கிறதோ அந்த அளவை மற்ற படங்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள்: பளபளப்பு இல்லாத மேப்லித்தோ தாள் விலை குறைவு, எழுத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் நிழல் பகுதிகள் மங்கும். கிளாஸ் ஆர்ட் பேப்பரில் கறுப்பு ஆழமாக வரும், ஆனால் விளக்கடியில் பளபளத்துப் படிக்க விடாது. உள்ளே 130 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேட் ஆர்ட், அதாவது பளபளக்காத ஆர்ட் பேப்பர், அட்டைக்கு 250 ஜிஎஸ்எம் என்பது என் வழக்கம். ஏ4 இதழுக்கு ஒரு பிரதி என்றால் நான்கு ஏ3 அளவுத் தாள், பத்துப் பிரதிக்கு நாற்பது தாள். ஓரம் வரை படம் வர வேண்டுமென்றால் சுற்றிலும் 3 மில்லி மீட்டர் கூடுதலாக விட்டு, 13×19 அங்குலத் தாளில் அடித்து வெட்டச் சொல்லுங்கள். பத்துப் பிரதிக்கு டிஜிட்டல் அச்சுதான் கட்டுப்படியாகும். ஆஃப்செட் அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தட்டு எடுக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் அடிக்கும்போது சிவகாசியை நினைக்கலாம்.

மென்பொருளில் மூன்று வழி. கேன்வா பழக எளிது, ஐந்து பேர் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம், ஆனால் இலவசக் கணக்கில் சிஎம்ஒய்கே பிடிஎஃப் கிடையாது. இன்டிசைன் தொழில்முறைக் கருவி, கல்லூரி லேபில் இருந்தால் அதையே எடுங்கள். ஆனால் தமிழுக்கு எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ அமைப்பைத் தேர்ந்தெடுக்க மறந்தால் ‘கொ’ உடைந்து கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று நிற்கும். ஸ்கிரைபஸ் முழு இலவசம், 2024-இல் வந்த 1.6 பதிப்பில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது, கொஞ்சம் பொறுமை வேண்டும். எழுத்துருவுக்கு முக்த மலர், ஹிந்த் மதுரை, நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் இலவசம். இருபுறமும் சமன் செய்யும் பத்தியைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள். நம் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் இடையே ஓட்டை விழும். இடப்பக்கம் மட்டும் சீராக இருக்கட்டும்.

எழுத்துக்கு வருவோம். பொருள் விமர்சனமா, பாட்டி வைத்தியமா? விமர்சனத்தில் ஓர் ஆபத்து: இரண்டு வாரம் தடவிவிட்டு ‘சூப்பர்’ என்று எழுதுவது விளம்பரம்தான். அதைவிட லேபிளைப் படித்துக் காட்டும் பக்கம் பயனுள்ளது. ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்களை அதிகம் முதல் குறைவு என்ற வரிசையில் அச்சிடுவதுதான் விதி. உறையின் முகப்பில் கற்றாழை பெரிதாக இருக்கும், பின்னால் பட்டியலின் வாலில் இருக்கும். ஒரு லேபிளைப் பெரிதாக்கிக் கோடு போட்டுக் காட்டினாலே இரண்டு பக்கம் ஆயிற்று. பாட்டி வைத்தியத்தில் நலங்குமாவு அருமையான பொருள். நாட்டு மருந்துக் கடையில் ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, வெட்டிவேர், கார்போகரிசி எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, வெள்ளைத் துணியில் பரப்பிப் படமெடுத்தால் அதைவிட அழகான பக்கம் கிடையாது. ஆனால் எலுமிச்சையை முகத்தில் தேய்க்கச் சொல்லாதீர்கள். அந்தச் சாறோடு வெயிலில் போனால் தோல் வெந்து கருக்கும். உங்கள் இதழைப் படிக்கும் பள்ளிக்கூடப் பெண் அதைச் செய்து பார்ப்பாள்.

‘சிவப்பழகு’ என்ற சொல்லை இதழுக்குள் விடாதீர்கள். 1975-இல் இந்தியாவில் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி க்ரீமே 2020-இல் ‘ஃபேர்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘குளோ’ ஆகிவிட்டது. நிறத்தை வைத்து யாரையும் தாழ்த்திக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தரக் கவுன்சில் 2014-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. கறுப்பும் அழகே என்ற ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் 2009-இல் நம் சென்னையில் தொடங்கியதுதான். அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள், உங்கள் ஊர்க் கதை.

படத்தில் வரும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், வகுப்புத் தோழியாக இருந்தாலும். பத்துப் பிரதியில் கல்லூரிக்கு இரண்டு போக, மீதியை முதலில் அவர்களுக்குக் கொடுங்கள்.

நாள் போதவில்லை என்றால் 16 பக்கத்தை 12 ஆக்குங்கள், ஒரு தாள் குறையும், டம்மியை மறுபடி மடியுங்கள். மென்பொருள் பழக்கமில்லை என்றால் கேன்வாவிலேயே செய்து, கடையில் நிறம் மாற்றிக் கேளுங்கள். அட்டைத் தாளை மெல்லியதாக்கிக்கூடக் காசைக் குறைக்கலாம். சோதனைத் தாளை மட்டும் விட்டுவிடாதீர்கள்.