ஷ்ரெடர் தலையில் ஒரு குவியல்

நண்பர் ஒருவர் தன் அலுவலகத்துக்கு ஷ்ரெடர், அதாவது வேண்டாத ரகசியத் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டும் மெஷின், வாங்கப்போகிறாராம். எங்களிடம் இருப்பது எப்படி என்று கேட்டார். கேட்ட நேரம் சரியில்லை. ஐந்து வருஷமாக ஓடும் அந்த மெஷின் போன வாரம்தான் ரிப்பேர் முடிந்து திரும்பியிருக்கிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வெட்டுவதில் குறையே இல்லை. எங்களுடையது பி-4 என்கிற பாதுகாப்புத் தரம். ஒரு துண்டு 4 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம், ஒரு ஏ4 தாள் கிட்டத்தட்ட 390 துண்டாகிவிடும். நாடா நாடாக வெட்டும் மெஷின் பக்கமே போகாதீர்கள். 1979-இல் தெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் அப்படி வெட்டிப்போட்டதை, தூதரகத்தைக் கைப்பற்றிய ஈரானியர்கள் பொறுமையாகக் கோத்து ஒட்டி, புத்தகங்களாகவே போட்டுவிட்டார்கள்.

என் பிரச்சினை சூடு. பத்து நிமிஷம் ஓடினால் சிவப்பு விளக்கு, அப்புறம் நாற்பது நிமிஷம் ஓய்வு. மேனுவலிலேயே போட்டிருக்கிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த நாற்பது நிமிஷத்துக்காக யாரும் தாளைத் திருப்பி எடுத்துப்போவதில்லை. மெஷின் தலையிலேயே வைத்துவிட்டுப் போகிறார்கள். வைத்தவர் மறந்துவிடுவார், அடுத்தவர் அதன் மேல் வைப்பார். ஆளுக்கொரு மேஜை டிராயரில் பூட்டிக்கிடந்த ரகசியமெல்லாம் இப்போது காபி எடுக்கப் போகும் வழியில், ஒரே அடுக்காக, திறந்தபடி.

ஒருநாள் மேலாக இருந்தது சம்பளப் பட்டியல். என் பெயர் ஒன்பதாவது வரி. எட்டாவது வரியையும் பார்த்தேன். பார்க்காமல் இருக்க நான் என்ன ரிஷியா? அன்றிலிருந்து பக்கத்து சீட்டுக்காரரிடம் சகஜமாகப் பேச வரவில்லை.

ரிப்பேரும் அந்தக் குவியலால் வந்ததுதான். விளக்கு அணைந்ததும் யாரோ கத்தையாகத் திணித்திருக்கிறார், நடுவில் ஒரு ஸ்டிக்கர் தாள். ஸ்டேப்ளர் பின்னை மென்று விழுங்குகிற பிளேடு பசையில் சிக்கி நின்றுவிட்டது. மெக்கானிக் பசையைச் சுரண்டிக்கொண்டே, “எண்ணெயே விட்டதில்லையா சார்?” என்றார். ஐந்து வருஷத்தில் ஒரு சொட்டு இல்லை. அது எங்கள் தப்பு, மெஷின் மேல் போட மாட்டேன். எண்ணெய் விட்டதும் சத்தம் பாதியாகக் குறைந்துவிட்டது. இவ்வளவு நாள் கத்தினது வலியில்தான் போல.

இன்னும் ஐந்து வருஷம் தாராளமாக உழைக்கும். ஆனாலும் நண்பரிடம், “வாங்காதீங்க” என்றுதான் சொன்னேன். வாங்கியே தீருவேன் என்றால், நிற்காமல் ஓடும் மோட்டாராகப் பாருங்கள். பக்கத்தில் மேலே இடுக்கு மட்டும் வைத்த பூட்டுப் பெட்டி ஒன்றும் போடுங்கள்.

இன்று காலை எட்டிப் பார்த்தேன். மெஷின் தலையில் பதினைந்து தாள். மேல் தாளை மட்டும் யாரோ கவிழ்த்து வைத்திருந்தார்கள்.