ஒரு கேசட்டா, இரண்டா? வீட்டு வீடியோவை டிவிடியில் ஏற்றும் கணக்கு

எங்கள் வீட்டு அலமாரியில் பதினொரு மினி டி.வி. கேசட்டுகள் இருக்கின்றன. இந்த டி.வி. தொலைக்காட்சி இல்லை, டிஜிட்டல் வீடியோ. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், இனி வெறும் கேசட் என்றே சொல்கிறேன். கோத்தகிரி ஈரத்தில் இத்தனை வருடம் கிடந்ததில் இரண்டு கேசட்டில் பூஞ்சை எட்டிப் பார்க்கிறது. இனியும் தள்ளிப்போட முடியாது.

முன்பு ஒரு தடவை மூன்று கேசட்டுகளைக் கடையில் கொடுத்து, ஒரே டிவிடியில் போட்டு வாங்கினோம். பேரகணியில் படகர்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் பண்டிகையில் வெள்ளை உடையில் ஆடுகிறவர்கள் வெள்ளைக் கட்டங்களாக ஆடினார்கள். "இதுல உங்கப்பா எங்கடா நிக்கிறாரு?" என்று அம்மா கேட்டார். என்னால் காட்ட முடியவில்லை. மூன்று மணி நேரத்தை ஒரு தட்டில் திணித்தால் வேறென்ன ஆகும்?

அதனால் இந்த முறை கணக்கிலிருந்து ஆரம்பித்தேன். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபி, அதாவது (ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்ற கணக்கில்) 37,600 மெகாபிட் இடம். ஒரு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் நொடிக்கு 10.4 மெகாபிட், இரண்டு மணி நேரத்துக்கு 5.2, மூன்றுக்கு 3.5. கேசட்டில் படம் மட்டுமே நொடிக்கு 25 மெகாபிட். டிவிடி படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 முறையில், படத்துக்கு 9.8க்கு மேல் போக டிவிடி விதி இடம் தராது. ஆக எப்படியும் சுருக்கத்தான் போகிறோம், எவ்வளவு என்பதுதான் கேள்வி.

என் முன் இருந்தவை மூன்று வழிகள். தட்டுக்கு ஒரு கேசட், நொடிக்கு மாறாத 8 மெகாபிட். தட்டுக்கு இரண்டு கேசட், சராசரி 4.8, டூ பாஸ் (படத்தை இரண்டு சுற்று ஓட்டிச் சுருக்குவது). அல்லது 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்குத் தட்டில் இரண்டு கேசட்டையும் 8 மெகாபிட்டிலேயே போடுவது.

மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். தட்டு விலை அதிகம், அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்கலாம், பழைய பிளேயர்கள் சில எழுதிய இரட்டை அடுக்குத் தட்டைப் பார்த்ததும் முரண்டு பிடிக்கும். எங்கள் அத்தை வீட்டு பிளேயர் அந்த ரகம்.

மீதி இரண்டையும் ஒரே மூன்று காட்சிகளில் சோதித்தேன்: அந்தப் பண்டிகை, குன்னூருக்குக் கீழே பல்சக்கரப் பாதையில் நீராவி எஞ்சின் பின்னாலிருந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறுவது, பாட்டி சமையலறையில் உட்கார்ந்து பட்டாணி உரிப்பது.

பண்டிகைக் காட்சி 4.8இல் பரவாயில்லை. டூ பாஸ் முறையில் மென்பொருள் முதல் சுற்றில் படம் முழுவதையும் பார்த்து, எங்கே அசைவு அதிகம் என்று குறித்துக்கொள்ளும். அடுத்த சுற்றில் சும்மா கிடக்கும் காட்சியில் மிச்சம் பிடித்து ஆட்டத்துக்குக் கொடுக்கும். ரயில் காட்சியில் அந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. புகையும் பின்னாலிருக்கும் இலைகளும் ஒரே நேரத்தில் அசைய, புகையின் ஓரம் கட்டம் கட்டமாக உடைந்தது.

நான் எதிர்பார்க்காதது பாட்டி. அவர் கை தவிர எதுவும் அசையவில்லை, ஆனாலும் 4.8இல் மூன்றிலும் மோசம் அதுதான். மங்கிய பல்பு வெளிச்சத்தில் எடுத்ததால் படம் முழுக்கப் புள்ளிகள் துள்ளுகின்றன. நாம் அதை இருட்டு என்கிறோம், படத்தைச் சுருக்கும் என்கோடருக்கோ ஒவ்வொரு புள்ளியும் ஒரு அசைவு. பிட் எல்லாம் அங்கே கரைந்து, பாட்டியின் முகத்துக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. புள்ளி குறைக்கும் ஃபில்டரை லேசாகப் போட்டதும் தெளிந்தது, கொஞ்சம் கூட்டினால் முகச் சுருக்கங்களும் சேர்ந்து போய்விட்டன. 8 மெகாபிட்டில் ஃபில்டரே வேண்டியிருக்கவில்லை.

ஆக எனக்குத் தட்டுக்கு ஒரு கேசட்தான். இதில் டூ பாஸ் தேவையில்லை என்பது கூடுதல் லாபம். எங்கள் பக்கம் ஐப்பசி மழையில் மரம் விழுந்து கரண்ட் போனால், இரண்டாவது சுற்றின் பாதியில் நின்ற வேலையை முதலிலிருந்து ஓட்ட வேண்டும்.

ஒலியில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. சுருக்காத பிசிஎம் ஒலி நொடிக்கு 1.5 மெகாபிட் தின்னும், சுருக்கிய ஏசி-3 என்றால் 0.2 போதும். ஒரு மணி நேரத் தட்டில் பிசிஎம்முக்கும் இடமிருக்கிறது. ஆனால் மொத்தம் 9.5ஐத் தொடும்போது வீட்டில் எழுதிய தட்டுகளில் சில பிளேயர்கள் திக்கும். சிலர் கேமராவை 12 பிட் ஒலியில் வைத்து எடுத்திருப்பார்கள். அது 32 கிலோஹெர்ட்ஸ், டிவிடிக்கு 48 ஆக மாற்றிக்கொள்ள வேண்டும்.

பிட்ரேட்டைவிட, அதாவது இந்த நொடிக்கு இத்தனை மெகாபிட் கணக்கைவிட, அதிகம் பேர் வழுக்குவது ஃபீல்டு ஆர்டரில். நம் ஊர் டிவி முறையான பால் (PAL) கேமரா ஒவ்வொரு ஃபிரேமையும் இரண்டு பாதியாக, வரி விட்டு வரியாகப் பதிகிறது. இந்தக் கேசட்டுகளில் கீழ்ப்பாதிதான் முதலில் வரும். மென்பொருளில் 'மேல் முதலில்' என்று இருந்தால் 20 மெகாபிட் கொடுத்தாலும் ரயில் முன்னும் பின்னும் உதறிக்கொண்டுதான் ஓடும். கணினித் திரையில் இது சட்டென்று தெரியாது, டிவிடியில் எழுதி டிவியில் போட்டால்தான் தெரியும். நான் இரண்டு தட்டைப் பாழாக்கித்தான் கற்றுக்கொண்டேன். டிவிடிக்கு டீஇன்டர்லேஸ் செய்யவும், அதாவது அந்தப் பாதிகளை முழு ஃபிரேம்களாக மாற்றவும் வேண்டாம். பென்டிரைவில் போடும் ஃபைலுக்கு மட்டும் செய்யுங்கள், அதுவும் நொடிக்கு 50 ஃபிரேமாக.

அப்புறம், கேசட்டிலிருந்து இறக்கிய மூல ஃபைலை அழிக்காதீர்கள். மணிக்கு 13 ஜிபிதான், பதினொன்றும் சேர்ந்து 150 ஜிபியைத் தாண்டாது.

ஒரே ஒரு கேசட்டில் மட்டும் என் முடிவை மாற்றிக்கொண்டேன். தங்கை கல்யாணத்தன்று கேசட் தீர்ந்துவிடுமோ என்று அப்பா எல்பியில், அதாவது டேப்பை மெதுவாக ஓட்டும் லாங் பிளே முறையில் எடுத்திருக்கிறார். 60 நிமிடக் கேசட்டில் 90 நிமிடம். தாலி கட்டும் இடத்தில் அதை இரண்டு தட்டாக வெட்ட மனசில்லை. சராசரி 6.3, உச்சம் 8, டூ பாஸ், ஏசி-3 என்று போட்டு, மழை விட்ட ஒரு ராத்திரி ஓடவிட்டேன்.